பழைய பாய்ப்படகுக்குப் புது எஞ்சின்: கட்டுரை சொல்லாமல் விட்டவை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய சிறிய பாய்ப்படகுகளில் டீசல் எஞ்சினை மாற்றுவது பற்றித் தங்கள் ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். பாய்ப்படகுக்காக ஒரு நாளிதழ் அரைப் பக்கம் ஒதுக்குவது அபூர்வம், அதற்கு நன்றி. ஆனால் நன்றியோடு நிறுத்திக்கொள்ள முடியவில்லை. பழையதைக் கழற்று, குதிரைத்திறன் இரு மடங்குள்ள ஒன்றை வாங்கு, அதே இடத்தில் போல்ட் போட்டு முடுக்கு, வாரக் கடைசியில் வேலை முடிந்துவிடும் என்கிறார் கட்டுரையாளர். நான் கப்பல் எஞ்சின் அறைகளில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். 1970களில் வார்த்த 28 அடி ஃபைபர் பாய்ப்படகு ஒன்றை வைத்திருக்கிறேன். அதன் எஞ்சினை நானே இறக்கி, வேறொன்றை ஏற்றியிருக்கிறேன். கட்டுரையாளர் சொல்லும் நான்கு படிகளில் ஒன்றுகூட அவர் சொல்கிறபடி நடக்காது.

முதல் கேள்வியையே அவர் கேட்கவில்லை. பழைய எஞ்சின் உண்மையிலேயே செத்துவிட்டதா? ஒழுங்காகப் பராமரித்த சிறிய டீசல் எஞ்சின் பல ஆயிரம் மணி நேரம் உழைக்கும். பாய்ப்படகு வைத்திருப்பவர்களில் பலர் துறைமுகத்திலிருந்து வெளியேறவும் திரும்பி நுழையவும் மட்டுமே எஞ்சினை ஓட்டுகிறார்கள். ஆண்டுக்கு நூறு மணி நேரம் ஓட்டினாலே அதிகம். ஆகவே பாய்ப்படகு எஞ்சின் ஓடித் தேய்ந்து சாவதைவிட, ஓடாமல் கிடந்து துருவேறிச் சாவதே வழக்கம். அதிலும் பல எஞ்சின்கள் சாகாமலே சாவுச் சான்றிதழ் வாங்கிவிடுகின்றன.

எனக்குப் பக்கத்தில் கட்டியிருக்கும் படகுக்கு இப்படி ஒரு சான்றிதழ் கிடைத்தது. முழு விசை கொடுத்தாலும் எஞ்சின் வேகம் ஏறவில்லை, கரும்புகை கக்கியது, சூடேறியது. பார்க்க வந்த மெக்கானிக் பத்து நிமிடத்தில் ஆயுள் முடிந்துவிட்டது என்று சொல்லிவிட்டார். உரிமையாளர் விலைப்பட்டியல்களைப் புரட்டத் தொடங்கிய பிறகுதான் நான் உள்ளே இறங்கிப் பார்த்தேன். எஞ்சினிலிருந்து வரும் புகையோடு குளிர்விக்கும் கடல்நீர் கலக்கும் வளைகுழாய் ஒன்று உண்டு. சூடும் உப்பும் கரியும் ஒரே இடத்தில் கூடுவதால் படகின் எல்லாக் குழாய்களையும்விட அதுதான் முதலில் அடைபடும். கழற்றியபோது, கட்டைவிரல் நுழைய வேண்டிய துளையில் பென்சில்கூட நுழையவில்லை. புகை வெளியேறாவிட்டால் புதுக் காற்று உள்ளே வராது; காற்று குறைந்தால் டீசல் முழுதாக எரியாமல் கரும்புகையாகும். வளைகுழாயை மாற்றினோம். அந்த எஞ்சின் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது.

புரொப்பெல்லரில் சிப்பி அப்பியிருந்தாலும் இதே அறிகுறிகள்தான் தெரியும். தடித்த பேட்டரி கேபிளின் முனையில் பச்சை பூத்திருந்தால் ஸ்டார்ட்டர் மெதுவாகச் சுற்றும். டீசல் எஞ்சினில் தீப்பொறி கிடையாது; காற்றை ஏறத்தாழ இருபதில் ஒரு பங்கு அளவுக்கு நெருக்கி, அந்தச் சூட்டிலேயே டீசலைப் பற்றவைக்கிறது. மெதுவாகச் சுற்றினால் அந்தச் சூடு சிலிண்டர் சுவர் வழியே கசிந்துபோய்விடும், எஞ்சின் கிளம்பாது. உடனே கம்ப்ரஷன், அதாவது காற்றை நெருக்கும் திறன், போய்விட்டது என்பார்கள். நீலப்புகை தொடர்ந்து வந்து எஞ்சின் எண்ணெயும் குறைந்துகொண்டே போனால் பிஸ்டன் ரிங்கை சந்தேகிக்கலாம். வெண்புகையென்றால் எரியாத டீசலாகவும் இருக்கலாம், குளிர்நீர் போதாமல் எழும் வெறும் நீராவியாகவும் இருக்கலாம். மோந்து பார்த்தாலே வித்தியாசம் தெரியும். சிலிண்டருக்குச் சிலிண்டர் கம்ப்ரஷனை அளந்து எழுதித் தராத எவருடைய தீர்ப்பையும் நம்பி எஞ்சினைக் கழற்றக்கூடாது.

கழற்றியே தீர வேண்டிய நிலையும் உண்டு. பழைய படகுகளில் பல எஞ்சின்கள் கடல்நீரையே நேராக உடம்புக்குள் சுற்றவிட்டுக் குளிர்விக்கப்படுபவை. கடல்நீர் சுமார் 60 டிகிரியைத் தாண்டினால் உப்பு படியத் தொடங்கும் என்பதால் இவற்றின் தெர்மோஸ்டாட் குறைந்த சூட்டிலேயே திறந்துகொள்ளும். எஞ்சின் எப்போதும் அரைச்சூட்டில் ஓடும். போதாக்குறைக்கு வார்ப்பிரும்பை உப்புநீர் உள்ளிருந்தே அரித்துக்கொண்டிருக்கும். என் பழைய எஞ்சின் அப்படித்தான் போனது. தலையைக் கழற்றிப் பார்த்தால் நீர்ப்பாதைக்கும் சிலிண்டருக்கும் நடுவே கேஸ்கெட் உட்கார வேண்டிய இரும்பு விளிம்பு சொறி சொறியாக உதிர்ந்தது. அதைக் கடைந்து சமப்படுத்த இரும்பு மிச்சமில்லை. மாற்று உறுப்பும் தயாரிப்பில் இல்லை. அந்த இடத்தில் பாசம் பார்ப்பதில் பொருளில்லை. புதிதாக வாங்குபவர் எஞ்சினுக்குள் நன்னீரும் குளிர்விப்பானும் சுற்றி, கடல்நீர் வெப்பமாற்றிக்குள் மட்டும் ஓடும் வகையையே வாங்கட்டும். இதில் இரண்டாம் கருத்துக்கு இடமில்லை.

இனி குதிரைத்திறன். கட்டுரையின் பெரிய பிழை இதுதான். நீரைப் பிளந்துகொண்டு போகும் கனமான படகின் வேகத்துக்கு அதன் நீளமே வரம்பு கட்டுகிறது. நீர்க்கோட்டில் படகின் நீளத்தை அடியில் அளந்து, அதன் வர்க்கமூலத்தை 1.34 ஆல் பெருக்கினால் அந்த வரம்பு நாட் கணக்கில் கிடைக்கும். ஒரு நாட் என்பது மணிக்கு 1.852 கிலோமீட்டர். என் படகு மேல்தளத்தில் 28 அடி இருந்தாலும் நீர்க்கோட்டில் 23 அடிதான், வரம்பு 6.4 நாட். மூன்று டன் எடையுள்ள அந்தப் படகை அமைதியான நீரில் 5 நாட் வேகத்தில் தள்ள ஆறேழு குதிரைத்திறன் போதும். அங்கிருந்து வரம்பை எட்டுவதற்குள் தேவையான திறன் இரட்டிப்பாகிறது. அதற்கு மேலும் விசை கொடுத்தால் படகு தானே எழுப்பிய அலைக் குழியில் பின்புறத்தை அமிழ்த்திக்கொண்டு, மூக்கைத் தூக்கி, டீசலைக் குடிக்கும். கூடுதலாய்க் கிடைக்கும் வேகம் சொற்பம்.

டன்னுக்கு நான்கு முதல் ஐந்து குதிரைத்திறன் என்பது படகுக்காரர்கள் நெடுநாளாகக் கைக்கொள்ளும் கணக்கு. எதிர்காற்றுக்கும் அலைக்கும் வேண்டிய கையிருப்பு அதற்குள்ளேயே அடங்கும். நான் 14 குதிரைத்திறன் கொண்ட இரண்டு சிலிண்டர் எஞ்சின் போட்டேன். இருபத்தைந்தோ முப்பதோ போட்டிருந்தால் அதை எந்நேரமும் கால்வாசி சுமையில் ஓட்ட வேண்டியிருக்கும். டீசல் எஞ்சினுக்கு அது நோய். சூடேறாத சிலிண்டர் சுவர் கண்ணாடி போல வழவழப்பாகி, ரிங் பிடிமானம் இழந்து, கரி சேரும். அதிகத் திறன் வாங்கினால் எஞ்சின் நோகாமல் நீண்டநாள் உழைக்கும் என்று கட்டுரையாளர் எழுதியிருப்பது நேர்மாறான செய்தி.

"அதே இடத்தில் போல்ட்" என்பதற்கு வருகிறேன். எந்த இடம்? எஞ்சின் உட்காரும் இரண்டு நீளக் கட்டைகள், பழைய ஃபைபர் படகுகளில், உள்ளே மரமும் வெளியே ஃபைபர் உறையுமாக இருக்கும். பல ஆண்டு எண்ணெயும் நீரும் போல்ட் துளை வழியாக இறங்கியிருந்தால் உள்மரம் சோறாகியிருக்கும். சுத்தியலால் தட்டினால் தெரிந்துவிடும்: நல்ல இடம் கணீரென்னும், அழுகிய இடம் பொத்தென்னும். எஞ்சின் வெளியே இருக்கும்போது மட்டுமே அதைச் சரிசெய்ய முடியும். புது எஞ்சினின் கால்கள் பழைய எஞ்சினின் கால்கள் நின்ற அகலத்தில் நிற்பது அதிர்ஷ்டம். புரொப்பெல்லரைச் சுழற்றும் தண்டான ஷாஃப்ட்டின் கோட்டுக்கும் கால்களுக்கும் உள்ள உயர வித்தியாசமும் ஒத்துப்போவது அதைவிடப் பெரிய அதிர்ஷ்டம். எஞ்சினை முதலில் வாங்கிவிட்டுப் படகை அதற்கேற்ப வெட்டத் தொடங்குகிறவர்களைப் பார்த்திருக்கிறேன். செருப்புக்குத் தக்கபடி காலைத் தறிக்கிற கதைதான் அது.

தயாரிப்பாளர்கள் எல்லாருமே அளவு வரைபடம் தருகிறார்கள். அதைப் பார்த்து, கால்கள், ஷாஃப்ட்டோடு இணையும் தட்டான கப்ளிங்கின் மையம், எண்ணெய்த் தொட்டியின் அடி, முன்புறக் கப்பி ஆகியவற்றின் அளவில் ஒட்டுப்பலகையால் ஒரு பொய் எஞ்சின் செய்துகொள்ள வேண்டும். ஷாஃப்ட்டை உருவிவிட்டு, அது போகும் குழாயின் நடு வழியாக ஒரு நூலை இழுத்துக் கட்டினால் ஷாஃப்ட் கோடு கண்ணுக்குத் தெரியும். பொய் எஞ்சினை அந்த நூலில் கோத்து, கட்டைகளின்மேல் உட்காரவைத்துப் பார்த்தால் எங்கே இடிக்கிறது என்று காசு கொடுக்கும் முன்பே தெரிந்துவிடும். என் படகில் எண்ணெய்த் தொட்டியின் மூலை, படகின் அடிக்குழியான பில்ஜின் தளத்தில் இடித்தது. ஆழம் குறைந்த தொட்டியுள்ள மாடலுக்கு மாறினேன். இறங்குவாசலின் அகலத்தையும் அளக்க வேண்டும். ஆல்டர்னேட்டரையும் ஸ்டார்ட்டரையும் கழற்றினால்தான் பல எஞ்சின்கள் உள்ளே நுழையும். பாயின் அடியோரத்தைப் பிடித்திருக்கும் கிடைக்கம்பில் கப்பி கட்டித் தூக்குபவர்கள் கம்புக்கு அடியில் கனத்த முட்டு கொடுக்க வேண்டும். கம்பின் நுனியைத் தாங்கும் மெல்லிய கயிறு எஞ்சின் எடைக்கானதன்று.

எடை என்றதும் ஒன்று. பழைய எஞ்சின்கள் மெதுவாகச் சுற்றும் கனத்த இரும்பு. என்னுடையது இருநூறு கிலோவுக்கு மேல். புதியது நூற்றுப் பத்துக்குச் சற்று மேல். படகின் பின்புறம் கண்ணுக்குத் தெரியும்படி உயர்ந்துவிட்டது. பேட்டரிகளைப் பின்னுக்கு நகர்த்திச் சமன் செய்தேன். இது கெடுதலன்று, கவனிக்க வேண்டியது, அவ்வளவே.

புரொப்பெல்லரைப் பற்றிக் கட்டுரையில் ஒரு சொல்கூட இல்லை. இதை நம்பவே முடியவில்லை. பழைய எஞ்சின் நிமிடத்துக்கு இரண்டாயிரம் சுற்று சுற்றியிருக்கும். இன்றைய சிறு எஞ்சின் 3,600 சுற்றில்தான் முழுத் திறனைத் தரும். கியர்பாக்ஸ் அதை 2.6க்கு ஒன்று என்று குறைத்தால் ஷாஃப்ட்டுக்குக் கிடைப்பது ஏறத்தாழ 1,385. பழைய புரொப்பெல்லரின் விட்டமும் சாய்வும் வேறொரு வேகத்துக்காக வார்த்தவை. அதையே மாட்டினால் எஞ்சின் அதன் உச்சச் சுற்றை எட்டாமல் திணறும், அல்லது எதிர்ப்பே இல்லாமல் பறக்கும். முழு விசையில், சுமையோடு, தயாரிப்பாளர் குறித்த சுற்றை எஞ்சின் தொட வேண்டும். சோதனை இதுதான், வேறில்லை. பெரிய புரொப்பெல்லர் தேவைப்பட்டால் இலை நுனிக்கும் படகின் அடிக்கும் நடுவே விட்டத்தில் பத்து முதல் பதினைந்து சதவீத இடைவெளி இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு இலையும் கடக்கும்போது படகே அதிரும்.

சுழலும் திசையும் மாறக்கூடும். பின்னாலிருந்து பார்க்கும்போது வலஞ்சுழியா இடஞ்சுழியா என்பதை எழுதிவைத்துக்கொண்டுதான் கியர்பாக்ஸ் வாங்க வேண்டும். கியர் கேபிளை மாற்றிக் கட்டித் திசையைத் திருப்பிக்கொள்ளலாம் என்பார்கள்; சில கியர்பாக்ஸ்களின் பின்னோட்டப் பகுதி நாள்முழுதும் உழைப்பதற்காகச் செய்யப்பட்டதன்று. வலஞ்சுழிப் புரொப்பெல்லர் பின்னோக்கி ஓடும்போது படகின் பின்புறத்தை இடப்பக்கம் இழுக்கும். திசை மாறினால் இழுப்பும் மாறும். பல ஆண்டு பழகிய கை, மேடையில் அணையும்போது படகைத் தவறான பக்கம் கொண்டுபோய் இடிக்கும்.

அடுத்து நேர்க்கோடு பிடித்தல். எஞ்சின் கப்ளிங்கும் ஷாஃப்ட் கப்ளிங்கும் முகத்தோடு முகம் பொருந்த வேண்டும். நாலங்குலக் கப்ளிங்கில் மேல், கீழ், இடம், வலம் எங்கே ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகட்டை விட்டாலும் வித்தியாசம் 0.1 மில்லிமீட்டரைத் தாண்டக்கூடாது. இதைக் கரையில் செய்து முடித்துவிட்டேன் என்று எவராவது சொன்னால் நம்ப வேண்டாம். முட்டுக்கட்டைகளின்மேல் நிற்கும் படகின் உடல் வேறு, மிதக்கும் படகின் உடல் வேறு. பாய்மரக் கம்பிகளை இறுக்கும்போதும் அது நெளியும். கரையில் ஏறத்தாழப் பிடித்துவிட்டு, கடலில் இறக்கி, ஓரிரு நாள் மிதக்கவிட்டு, கம்பிகளை இறுக்கிய பிறகுதான் இறுதியாக அளக்க வேண்டும். ரப்பர் தாங்கிகள் புதிதாக இருந்தால் எடையில் கொஞ்சம் அமுங்கும். சில வாரம் ஓட்டிய பின் மறுபடி பார்க்க வேண்டும். அலுப்பான வேலைதான். ஒரு திருகை அரைச்சுற்று திருப்பினால் மற்ற மூன்றும் மாறும். ஆனால் ஷாஃப்ட் தாங்கியும் நீர்த்தடைப் பொதியும் ஒரே பருவத்தில் தேய்ந்துபோவதற்குப் பெரும்பாலும் இந்த அலுப்பைத் தவிர்த்ததே காரணம்.

டீசல் தொட்டி, வயரிங் இரண்டையும் விரைவாகச் சொல்லிவிடுகிறேன். எஞ்சின் வெளியே இருக்கும்போது தொட்டியைத் திறந்து கழுவ வேண்டும். அடியில் தேங்கிய நீரும் மேலே உள்ள டீசலும் சந்திக்கும் எல்லையில் நுண்ணுயிர்கள் வளர்ந்து கறுத்த வழவழப்பான படிவாகச் சேரும். முதல் அலையில் அது கலங்கிப் புது ஃபில்டரை அடைத்துவிடும். பழைய வயரைப் புது எஞ்சினில் இணைக்கவே கூடாது.

மின்மோட்டாரே எதிர்காலம் என்று ஒரு பெட்டிச் செய்தியும் இருந்தது. நான் அதற்கு எதிரியல்ல. காலையில் வெளியே போய் மாலையில் திரும்பும் சிறு படகுக்கு, துறைமுக வாயிலைக் கடக்க மட்டும் மோட்டார் வேண்டுமென்றால், சத்தமும் நாற்றமும் இல்லாத அதுவே நல்லது. ஆனால் கணக்கையும் சொல்ல வேண்டாமா? ஒரு லிட்டர் டீசலில் ஏறத்தாழ 10 கிலோவாட் மணி ஆற்றல் இருக்கிறது; சிறு எஞ்சின் வீணாக்கியது போக அதில் மூன்று கிலோவாட் மணி ஷாஃப்ட்டை எட்டும் என்று வைத்துக்கொள்வோம். 40 லிட்டர் தொட்டியிலிருந்து 120 கிலோவாட் மணி. அதே அளவை லித்தியம் பேட்டரியில் சேமிக்கக் கிலோவுக்கு 120 வாட் மணி என்று கணக்கிட்டாலும் ஒரு டன் எடை ஆகிறது. மூன்று டன் படகில் அதை எங்கே வைப்பது? எதிர்காற்றில் இரவெல்லாம் ஓட வேண்டியிருக்கும் படகுக்கு இன்னும் டீசல்தான். பெட்ரோலும் வேண்டாம், அதன் ஆவி காற்றைவிடக் கனமானது, பில்ஜில் இறங்கித் தங்கி, ஒரு தீப்பொறிக்காகக் காத்திருக்கும்.

இவையெல்லாம் பணத்தையும் நேரத்தையும் வீணாக்கும் பிழைகள். கட்டுரையின் கடைசிப் பத்தியில் உள்ளது எஞ்சினையே உடைக்கும் பிழை. புது எஞ்சின் முதல்முறை எளிதில் கிளம்பாது, எரிபொருள் குழாயிலுள்ள காற்று வெளியேறும்வரை ஸ்டார்ட்டரை அழுத்திக்கொண்டே இருங்கள் என்று எழுதியிருக்கிறார். எஞ்சின் சுற்றும்போதெல்லாம் கடல்நீர் பம்பும் சுற்றுகிறது. சைலன்சர் பெட்டிக்குள் நீரை அனுப்பிக்கொண்டே இருக்கிறது. எஞ்சின் எரிந்து ஓடினால் புகையின் அழுத்தம் அந்த நீரை வெளியே தள்ளும். எரியாதபோது தள்ள ஆளில்லை. பெட்டி நிரம்பி, குழாயில் பின்வாங்கி, திறந்திருக்கும் புகை வால்வு வழியாக நீர் சிலிண்டருக்குள் போகும். நீரை நெருக்க முடியாது. அடுத்த சுற்றில் கனெக்டிங் ராட் வளையும்.

செய்ய வேண்டியது எளிது. காற்றைக் கைப்பம்பால் முதலில் வெளியேற்றிவிட வேண்டும். ஸ்டார்ட்டரைப் பத்து விநாடிக்கு மேல் தொடர்ந்து அழுத்தக்கூடாது. இரண்டு மூன்று முறையில் கிளம்பாவிட்டால் கடல்நீர் வால்வை மூடிவிட்டு முயல வேண்டும். கிளம்பிய கணமே திறந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பம்பின் உள்ளே சுழலும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் எரிந்துவிடும். நடுவே சைலன்சர் பெட்டியின் அடித்திருகைத் திறந்து நீரை வடிக்க வேண்டும். புகையும் நீரும் கலக்கும் இடம் நீர்மட்டத்துக்கு 150 மில்லிமீட்டராவது மேலே இல்லையென்றால், எஞ்சின் நின்ற பிறகு கடல்நீர் தானாக உறிஞ்சி உள்ளே வராமலிருக்க, காற்று புகும் வால்வோடு கூடிய உயர்ந்த வளைவுக் குழாயும் கட்டாயம் வேண்டும்.

மற்றவற்றை வெளியிட இடமில்லாவிட்டாலும் பரவாயில்லை. இந்தக் கடைசி இரண்டு பத்திகளை மட்டுமாவது திருத்தமாக வரும் ஞாயிறு இணைப்பில், கட்டுரை வந்த அதே பக்கத்தில் வெளியிடுங்கள். கட்டுரையைக் கத்தரித்து எஞ்சின் பெட்டிக்குள் ஒட்டிவைத்திருக்கும் ஒருவரை எனக்கு ஏற்கெனவே தெரியும். அவரிடம் நேரில் சொல்லிவிட்டேன். மற்றவர்களை நான் தேடிப் போக முடியாது.

தங்கள் நெடுநாள் வாசகன்,
ஓய்வுபெற்ற கப்பல் எஞ்சின் பொறியாளர்